நிறுத்தி வைத்த ஆட்டம்

ஐலா நிஸ்கனன் யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், கிளம்பும் முன் சுவரோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் கோட்டை மாட்டுவாள். பிளக் செருகியிருக்கும் இடங்களில் குனிந்து புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடாக இருந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அவளாக எதையும் பிடுங்கமாட்டாள். அவளாக எதையும் அணைக்கவும் மாட்டாள். ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் என்பதால் பாதி ஊருக்கு அவளைத் தெரியும். "ஐலா வந்துட்டுப் போயாச்சா? அப்ப இந்த வருஷம் நம்ம வீடு எரியாது" என்று அவள் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவாள்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வெய்ன் குடும்பத்தோடு வருவான். அப்பா அம்மா காலத்து வீட்டில் இப்போது ஐலா மட்டும்தான். வந்ததும் வராததுமாக வெய்ன் கீழ்த்தளத்துக்கு இறங்கி, அலமாரியிலிருந்து பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவான். சாம்பல் நிறப் பெட்டி, ஓரங்கள் மஞ்சளடித்துப்போனது. அவன் மகன்கள் இருவரும் கையில் போனோடு சோபாவில் சாய்ந்துகிடப்பார்கள்.

"டேய், இதப் பாருங்கடா. கேசட்ட இப்படித் திருப்பி, வாயை வச்சு ஊதணும். ஊதினாத்தான் வேலை செய்யும்."

"ஊதினா துருதான் பிடிக்கும்ப்பா. நெட்ல போட்டிருக்கான்."

"உங்க நெட்டுக்கு என்னடா தெரியும்? நாங்க ஊதி ஊதியே வளந்தவங்க."

பிறகு பழைய கதைகள் ஆரம்பிக்கும். பனியால் பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்கள், கட்டைவிரலில் காய்த்துப்போன தோல், தெருவில் கைமாறிக் கைமாறித் திரும்பி வராமலே போன கேசட்டுகள். வெய்ன் சொல்லும் கதைகளில் எப்போதும் நல்ல வெயில் அடிக்கும். ஐலாவும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து "ஆமா, ஆமா" என்பாள். ஆனால் ஆட்டம் முடிந்து அவன் கை பெட்டியை அணைக்கும் பொத்தானை நோக்கிப் போகும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தால், எழுந்து படியேறிவிடுவாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

காரணம் வெய்னுக்குத் தெரியாது. அந்தக் காரணத்தில் பாதி அவன் ஊரில் இல்லாதபோது நடந்தது.

அப்போது ஐலாவுக்குப் பத்து வயது, வெய்னுக்குப் பதின்மூன்று. கனடாவில், சட்பரிக்கு வடக்கே, பாறையும் பிர்ச் மரமுமாகக் கிடக்கும் ஒரு நிக்கல் சுரங்க ஊர். அப்பா ஆர்வோவுக்குச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட். பகலில் ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு மாடியறையில் தூங்குவார். அதனால் அந்த வீட்டில் பகல்தான் இரவு. பிள்ளைகள் காலுறையோடுதான் நடக்கவேண்டும். சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளவேண்டும். கீழ்த்தளத்தில் டிவி பார்க்கலாம். ஆனால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு.

அந்த வருஷம் வெய்னைப் பிடித்து ஆட்டியது ஒரு முக்குளிக்கும் ஆட்டம். மஞ்சள் தலைக்கவசம் போட்ட குட்டி மனிதன் ஒருவன் கடலுக்கடியில் குகை குகையாக இறங்கிக்கொண்டே போவான். திரையின் உச்சியில் அவனுடைய காற்று ஒரு நீலக் கோடாகத் தெரியும். இறங்க இறங்கக் கோடு குறுகும். பாறை இடுக்குகளில் குமிழி வருகிற இடங்கள் உண்டு; அங்கே போய் நின்றால் கோடு மறுபடி நீளும். நிற்கத் தவறினால் கோடு சிவந்து துடிக்கும், மஞ்சள் மனிதன் கையைக் காலை உதறிக்கொண்டு தலைகீழாகிப்போவான். வெய்னுக்கு அது விளையாட்டு. ஐலாவுக்கு அந்தச் சிவப்புத் துடிப்பைப் பார்க்கவே ஆகாது. கண்ணைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாகப் பார்ப்பாள்.

அந்த ஆட்டத்துக்கு நினைவு வைத்துக்கொள்ளத் தெரியாது. பெட்டியை அணைத்தால் அவ்வளவுதான். மறுபடி முதல் குகையிலிருந்து தொடங்கவேண்டும். கடைசிக் குகைவரை ஒரே மூச்சில் போக எந்த அம்மா விடுவாள்? அதனால் தெருப்பிள்ளைகள் எல்லோரும் ஒன்று செய்வார்கள். ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, டிவியை மட்டும் அணைப்பார்கள். பெட்டி நாள்கணக்கில் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் முகப்பில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். பெரியவர்கள் கண்ணில் படாமலிருக்க அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். வெய்ன் தன் கம்பளித் தொப்பியைக் கவிழ்த்து வைப்பான். அந்தத் தெருவில் வாக்குவம் கிளீனருக்காகப் பிளக்கைப் பிடுங்கிய அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை ஒருவனாவது எப்போதும் இருப்பான்.

ஐலாவுக்கு அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் பித்தளை வில்லை ஞாபகம் வரும். சுரங்கத்தின் வாயிலில் ஒரு பலகை உண்டு. கீழே இறங்குகிறவன் தன் எண் போட்ட வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போவான். மேலே வந்ததும் தன் கையால் கழற்றிக்கொள்வான். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான், வெடி வைக்கக்கூடாது. பலகை வெறுமையானால்தான் வைப்பார்கள். அடுத்தவன் வில்லையை யாரும் தொடமாட்டார்கள். ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் அப்பா, அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஒரு கதை சொன்னார். யாரோ ஒருவன், சிநேகிதன் மேலே வந்துவிட்டான் என்று நினைத்து, உதவியாகத்தான், அவன் வில்லையையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டான். "அவன் வரல" என்றார் அப்பா. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்காததுபோல் இருந்தார்கள்.

மார்ச் விடுமுறையில், அந்தத் தெருவிலேயே முதல் ஆளாக வெய்ன் கடைசிக் குகைக்குள் இறங்கினான். அதற்கு முந்தின நாளே அவனுக்கு வயிறு வலித்துக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் கையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆடினான்.

"வெய்ன், உனக்கு வேர்க்குது."

"கம்முனு இரு."

"அம்மாகிட்ட சொல்லட்டா?"

"சொல்லிப் பாரு. அப்புறம் இந்தப் பக்கமே உன்னை விடமாட்டேன். இன்னும் ஒரே ஒரு குகைதான் ஐலா. முடிச்சிட்டு நானே சொல்லிடறேன்."

அவள் சொல்லவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு அம்மா சில்வி மேலிருந்து கூப்பிட்டபோது, வெய்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டத்தை மட்டும் நிறுத்தி வைத்திருந்தான். அப்பா தூக்கத்திலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக வெய்னின் முகம் சாம்பலாக இருந்தது. படியில் ஏறும்போது கையை நீட்டி ஐலாவின் சட்டையைப் பிடித்தான்.

"நிறுத்தி வச்சிருக்கேன். நான் வர்ற வரைக்கும் யாரையும் அணைக்க விடாத. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

குடல்வால் வெடித்து, உள்ளே சீழ் பரவிவிட்டது என்று சட்பரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கே அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா ஆஸ்பத்திரிக்கும் சுரங்கத்துக்கும் நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பகலில் கொஞ்ச நேரம் வந்து கண் அயர்வார். ஐலாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு நொயெல்லா வந்தாள். நல்லவள்தான். ஆனால் எரிகிற விளக்கை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"இந்த அறையில ஆளே இல்ல, விளக்கு மட்டும் யாருக்கு எரியுது? உங்கப்பன் என்ன, சொந்தமா மின்சார நிலையம் வச்சிருக்கானா?"

அறை அறையாகப் போய் டக் டக்கென்று அணைத்துக்கொண்டே வருவாள். அந்தச் சத்தம் நெருங்க நெருங்க ஐலா கீழ்த்தளப் படியின் முன்னால் போய் நின்றுகொள்வாள். துணி துவைக்கும் இயந்திரமும் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. நொயெல்லா அழுக்குத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டதும் ஐலா முந்திக்கொண்டு ஓடி, தொப்பி போதாதென்று, சோபாவில் கிடந்த பருத்த மெத்தைப் போர்வையை இழுத்துப் பெட்டி, கம்பி, சுவரோரம் கிடந்த அடாப்டர் மின்கட்டி எல்லாவற்றையும் மூடினாள்.

"அங்க என்ன? நாய்க்குட்டி ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"இல்ல ஆன்ட்டி. குளிருது."

"குளிருதுன்னா நீ போத்திக்கணும்டி. தரைக்கு எதுக்குப் போத்திவிடற?"

ஐலா போர்வையின் ஒரு முனையை எடுத்துத் தன் முழங்காலில் போட்டுக்கொண்டாள். நொயெல்லா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தலையைத் தடவிவிட்டு, "உங்கண்ணன் வந்துடுவான்டி" என்றாள். அந்தக் குரலில் என்னவோ இருந்தது. பெரியவர்கள் நிச்சயமாகத் தெரிந்த விஷயத்தை அப்படிச் சொல்வதில்லை.

அன்றிலிருந்து ஐலாவுக்கு அந்தப் பெட்டி வெறும் பெட்டியாக இல்லை. வெய்ன் கீழே இறங்கியிருக்கிறான். அவன் வில்லை இங்கே எரிந்துகொண்டிருக்கிறது. அவன் வந்து தன் கையால் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. யோசித்துக் கண்டுபிடிக்கவும் இல்லை. குளிர்காலத்தில் கதவைத் திறந்தால் குளிர் வருவதுபோல அது வந்து நின்றது. அந்த வாரம் ஈரப் பனி கொட்டியது. மின்கம்பிகள் பாரத்தில் தொங்கின. விளக்கு ஒரு கணம் மங்கி மறுபடி எரியும்போதெல்லாம் அவள் கீழே பாய்ந்தோடி, தொப்பியைத் தூக்கிச் சிவப்புப் பொட்டைப் பார்ப்பாள். இருக்கும். பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே மெல்லிய ஒரு இரைச்சல், மூச்சு மாதிரி.

பாழாய்ப்போன அந்தப் போர்வையை எடுக்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை. மூடி வைத்தால் பத்திரம் என்றுதான் நினைத்தாள்.

ஒரு மத்தியானம் அப்பா மேலே தூங்கிக்கொண்டிருந்தார். நொயெல்லா தன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஐலா சமையலறையில் ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, பிளாஸ்டிக் கருகும் வாடை மூக்கில் ஏறியது. கீழே ஓடினாள். போர்வையைத் தூக்கினாள். சுவரோரம் கிடந்த கறுப்பு மின்கட்டியின் மேல்பக்கம் இளகிப் பளபளத்தது. போர்வையின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது. தொட்டாள், விரல் பொரிந்தது.

சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிளக்குக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அப்பாவை எழுப்பலாம். எழுப்பினால் அவர் பிடுங்கிப்போட்டுவிடுவார். விட்டுவைக்கலாம். விட்டுவைத்தால் தீப்பிடிக்கும்; மேலே அப்பா தூங்குகிறார். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அண்ணன். பத்து வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. வாடை கூடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்து இழுத்தாள்.

பொட்டு உடனே அணையவில்லை. ஒரு நொடி மங்கலாக நின்று, பிறகுதான் போனது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. அப்பா எடுத்தார். ஐலா மேஜைக்கடியில் உட்கார்ந்து அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால்கள் அசையவில்லை.

"எப்ப இருந்து?" என்றார் அப்பா. பிறகு, "காலையில நல்லாத்தானே இருந்தான்." பிறகு, "மத்தியானத்துக்கு அப்புறமா?" பிறகு, "நான் வர்றேன். சில்வி, அழாத. நான் வர்றேன்."

வெய்னுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. மறுபடி வயிற்றைத் திறக்கிறார்கள். மத்தியானத்துக்கு அப்புறம். அப்பா கோட்டை மாட்டிக்கொண்டே நொயெல்லாவிடம் இதையெல்லாம் சொன்னார். நொயெல்லா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். மேஜைக்கடியில் ஒருத்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்ததை இருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா திரும்பி வந்தார். ஷேவ் செய்யாத முகம் உள்வாங்கியிருந்தது. "இன்னும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அவர் கட்டிலில் சாயும் சத்தம் கேட்டதும் ஐலா கீழே இறங்கினாள். மின்கட்டி ஆறியிருந்தது. ஒரு பக்கம் உருகிக் கோணியிருந்தாலும், செருகியதும் பொட்டு எரிந்தது. டிவியில் கடல் வந்தது. முதல் குகை.

அவள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மஞ்சள் மனிதனைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். வெய்ன் நிறுத்தி வைத்த அதே கடைசிக் குகையில். அப்புறம் எல்லாம் முன்புபோல் ஆகிவிடும்.

ஆனால் அவள் ஒருபோதும் இரண்டாவது குகையைத் தாண்டியவளில்லை. வெய்ன் விளையாடும்போது பாதி நேரம் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தவள். இப்போது பொத்த முடியாது. மீன் வந்தது, மோதினாள், மஞ்சள் மனிதன் தலைகீழானான். "இல்ல, இல்ல, இது கணக்கில்ல" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடி. வியர்த்த விரல் பொத்தானில் வழுக்கியது. மறுபடி. சத்தமில்லாத அந்தத் திரையில் காற்றுக்கோடு சிவந்து துடிக்கத் தொடங்கும்போதெல்லாம் அவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள், தன்னிடம் மிச்சமாவது அங்கே போய்ச் சேரட்டும் என்பதுபோல. ஒவ்வொரு முறை அவன் தலைகீழாகும்போதும் மேலே போன் அடிக்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அடிக்கவில்லை. நாலாவது குகைக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்போதுதான் பின்னால் படியில் யாரோ நிற்பது தெரிந்தது. அப்பா. தூக்கம் வராமல் இறங்கி வந்திருக்கிறார்.

"உங்கண்ணன் அங்க கிடக்கறான். நீ இங்க விளையாடிட்டிருக்கியா?"

குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. ஐலா ஆட்டத்தை நிறுத்தி வைத்தாள். அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். வலியை மறைத்தது, சத்தியம், போர்வை, வாடை, பிளக், மத்தியானம். "வில்லைய எடுத்துட்டேன்ப்பா. அவன் கீழ இருக்கும்போதே எடுத்துட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். போ பைத்தியம், அது விளையாட்டுச் சாமான், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவேண்டும். திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி, அதைச் சொல்லிவிட்டால் போதும்.

அப்பா சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் போயிற்று. மெதுவாக வந்து மின்கட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"எந்த இடம் வரைக்கும் போயிருந்தான்?"

"கடைசி வரைக்கும்."

"நீ எங்க இருக்க?"

"நாலாவது குகை."

அப்பா தலையாட்டினார். எழுந்துபோய், கோடையில் உபயோகிக்கும் சின்ன மின்விசிறியை எடுத்துவந்தார். மின்கட்டியை வெறும் சிமெண்டுத் தரையில் தள்ளி வைத்து, விசிறியை அதன்மேல் திருப்பிவிட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ம். போ" என்றார்.

பயம் என்றால் என்ன என்று ஐலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அவளிடம் இருந்தது ஒரு சிறுபிள்ளையின் பயம். பெரியவர் ஒருவர் வந்து ஊதினால் அணைந்துவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருந்தது. இப்போது பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் பயமாக இருக்கிறது. இனி மேலே யாரும் இல்லை.

அவள் ஆடினாள். மீன் வரும்போதெல்லாம் அப்பாவின் கை முழங்காலை இறுக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஐந்தாவது குகை. ஒரு தடவை எழுந்து சுரங்கத்துக்குப் போன் போட்டு, "ஆர்வோ பேசறேன். இன்னிக்கு ராத்திரி நான் இறங்கல" என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். ஆறாவது குகையில் மூன்று உயிர்கள்தான் மிச்சம். கோடு சிவந்தது, துடித்தது. மஞ்சள் மனிதன் பாறையில் முட்டி, எப்படியோ ஒரு இடுக்கில் நுழைந்தான். அங்கே குமிழிகள் வந்துகொண்டிருந்தன. கோடு மெல்ல மெல்ல நீலமாகி நீண்டது.

"நிறுத்து" என்றார் அப்பா.

"இது ஆறுதான்ப்பா. இன்னும் நிறைய இருக்கு."

"தெரியும். போதும். இங்க காத்து இருக்கு. காத்து இருக்கற இடத்துலயே நிக்கட்டும்."

அவள் நிறுத்தினாள். இருவரும் அந்த அசையாத மஞ்சள் மனிதனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விசிறி ஓடியது. வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் கேட்டது.

மேலே போன் அடித்தது.

இருவரும் எழுந்திருக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் பட்டாணி சூப் பாத்திரத்தோடு உள்ளே நுழைந்த நொயெல்லா எடுத்தாள் போலிருக்கிறது. "ஆர்வோ! சில்வி பேசறா! வீட்டுல இருந்துகிட்டு எடுக்கமாட்டீங்களா? என்ன ஜனங்களோ!"

அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சுரங்கத்தில் ஏணி ஏறுகிறவர், தன் வீட்டுப் படியில் அப்படி ஏறி ஐலா பார்த்ததில்லை. அவள் இரண்டு கைகளையும் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டாள். மேலேயிருந்து "ம்" என்று கேட்டது. மறுபடி "ம்." வேறு ஒன்றும் இல்லை. பிறகு அப்பா வந்து படியின் உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கொறைஞ்சிருக்காம்" என்றார். "காய்ச்சல் கொறைஞ்சிருக்காம். தண்ணி கேட்டானாம்."

சந்தோஷப்பட இருவருக்கும் தைரியம் வரவில்லை. இருவரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா. "அவன் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. அப்பாவும் மகளும் முறை போட்டுக்கொண்டு மின்கட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்பா பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கிவந்து பின்வாசலில் வைத்தார். நொயெல்லாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. "சுரங்கத்துல வேலை செய்யறவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சா வீடும் சுரங்கமாத்தான் இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, துவைக்கவேண்டிய துணிகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அதன்பிறகு அவள் அந்த வீட்டில் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை.

வெய்ன் வந்து சேர்ந்தபோது தெருவில் பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மெலிந்து, கழுத்து நீண்டுபோயிருந்தான். அம்மா கட்டிலில் படுக்கச் சொன்னாள். அவன் கேட்கவில்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினான். ஐலா முன்னால், அப்பா பின்னால். தொப்பியை எடுத்தான். பொட்டு எரிந்தது. சிரித்துக்கொண்டே டிவியைப் போட்டான். சிரிப்பு நின்றது.

"இது என்னோடது இல்ல."

அப்பா படியிலேயே நின்றுவிட்டார்.

"ஆறாவது குகை! மூணு உயிரு! யாரு விளையாடினது? ஐலா, நீயா? சத்தியம் பண்ணின இல்ல? லூசு, லூசு! எனக்கு எவ்வளவு நாளாச்சு தெரியுமா அங்க போக?"

"வெய்ன்" என்றார் அப்பா.

"இத வச்சுகிட்டு நான் என்ன பண்ண?" என்று சொன்ன வெய்ன், கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினான்.

பொட்டு ஒரு நொடி மங்கலாக நின்றது. பிறகு அணைந்தது.

ஐலா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கழுத்தை, நெஞ்சை, சட்டைக்குள் ஏறி இறங்கும் வயிற்றைப் பார்த்தாள். படியில் நின்ற அப்பாவின் கை சுவரோரத் தண்ணீர்க் குழாயைப் பற்றியிருந்தது. வெய்ன் கேசட்டை வெளியே எடுத்தான். திருப்பினான். வாயில் வைத்து ஊதினான். மறுபடி ஒருமுறை ஊதினான்.

"என்ன, ரெண்டு பேரும் பேயப் பாத்த மாதிரி நிக்கறீங்க?" என்றான். "சாப்பிட என்ன இருக்கு?"

"பட்டாணி சூப்" என்றார் அப்பா. திரும்பி மேலே போனார். குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

அப்பாவும் மகளும் அதைப்பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை. ஓய்வு பெற்ற நாளில் அப்பா தன் பித்தளை வில்லையைக் கையோடு கொண்டுவந்தார். கீழ்த்தளத்தில் டிவிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். அப்பா போய்ச் சில வருஷங்களாகின்றன. வில்லை அங்கேயே தொங்குகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன் அதைக் கழற்றப்போனபோது, ஐலா அவனை நிறுத்தி, அதைச் சுற்றியே அடிக்கச் சொல்லிவிட்டாள். சுவரில் அந்த உள்ளங்கை அகல இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது.

அந்தப் பயம் பொய் என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. அந்தமுறை தப்பித்தோம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதனால் காலையில் பேருந்தைக் கிளப்பும் முன் ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டு எண்ணுவாள். சாயங்காலம் கடைசிப் பிள்ளை வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை எஞ்சினை அணைக்கமாட்டாள். டீசல் வீணாகிறது என்று மேலாளர் சொல்வார். சொல்லட்டும்.

போன கிறிஸ்துமஸுக்கும் வெய்ன் வந்திருந்தான். தலை நரைத்து, தொப்பை போட்டுவிட்டது. தொப்பையைத் தூக்கித் தழும்பை மகன்களுக்குக் காட்டினான். "இதுக்காக ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, இந்தப் பிசாசு என் ஆட்டத்தக் கெடுத்துட்டாடா. கடைசிக் குகை! இன்னிவரைக்கும் அங்க நான் திரும்பப் போகல."

"அத்தை, உண்மையா?" என்றான் சின்னவன்.

"உண்மைதான்" என்றாள் ஐலா.

"பாத்தியா, வெக்கமே இல்லாம ஒத்துக்கறா." வெய்ன் சிரித்தான். மஞ்சள் மனிதன் எங்கோ மூன்றாவது குகையில் தலைகீழானான். வெய்ன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு உடம்பை முறித்தான். அவன் எழுவதற்குள் ஐலா எழுந்துவிட்டாள்.

"எங்க போற?"

"அடுப்புல இருக்கு."

மேலே சமையலறையில் விளக்கைப் போடாமல், துடைக்கும் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பொத்தானின் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. அது எப்போது அமுங்கியது என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கீழே ஏதோ நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை. துணியை முறுக்கிக்கொண்டே படி இருக்கும் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

கடைசியில் அடிப்படி கிறீச்சிட்டது. அடுத்த படி. அதற்கடுத்தது.

"ஐலா, சாப்பிட என்ன இருக்கு?"

"இதோ" என்றாள். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.